கச்சேரி வாசலில் கேமரா: எண்ணினால் போதும், பெயர் கேட்க வேண்டாம்

கொஞ்ச நாளாக எந்தப் பெரிய நிகழ்ச்சியின் அறிவிப்பைப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: பாதுகாப்புக்காக ஏஐ கேமராக்கள் வைக்கிறோம். கும்பமேளா, தேரோட்டம், கிரிக்கெட் ஆட்டம், திரையிசைக் கச்சேரி, எதுவானாலும் இதே வரிதான். அந்தக் கேமரா உள்ளே என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேமரா இருந்தால் நல்லதுதானே என்று கடந்துபோய்விடுகிறோம்.

எனக்கு அந்த வரியோடு கொஞ்சம் சண்டை இருக்கிறது. பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். முகம் அறிதல் என் வேலை இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கிற நிரல்களை மடிக்கணினியில் இறக்கி, வீட்டு ஆல்பத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கிடைத்த அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைக் கோத்து எழுதியதுதான் இது.

காரைக்கால் சின்ன ஊர்தான். ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி, ஜனவரியில் கார்னிவல் மேடை, சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறில் லட்சக்கணக்கில் ஜனம். ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வரும். வருவதற்கு முன்னால் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் உயிர் போகாமல் காப்பாற்ற, எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். யார் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. இந்த இரண்டு வேலையையும் ‘ஏஐ கேமரா’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதற்கும் அனுமதி வாங்கிக்கொள்கிறார்கள். என் விமர்சனம் இதன் மேல்தான்.

ஒரு கேமரா, நாலு வேலை

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். கேமரா முன்னால் ஒரு முகம் வந்தால், மென்பொருள் செய்யக்கூடிய வேலை நாலு வகை.

ஒன்று, கண்டறிதல். ‘இங்கே ஒரு முகம் இருக்கிறது’ என்று சதுரம் போட்டுக் காட்டுவது. உங்கள் போன் கேமராவில் தெரிகிற அந்தச் சதுரம்தான். வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் 2001-ல் வெளியிட்ட முறை வந்தபிறகு இது மலிவாகிவிட்டது. இதற்கு உங்கள் பெயர் தெரியாது, தேவையும் இல்லை.

இரண்டு, எண்ணுதல். மைதானத்தின் எந்த மூலையில் எவ்வளவு நெரிசல் என்று அளப்பது. தலைகளின் அடர்த்தியை வைத்தே இதைச் செய்யலாம். முகம் தெளிவாகத் தெரியக்கூட வேண்டாம். உயரத்திலிருந்து எடுத்த மங்கலான படம் போதும்.

மூன்று, சரிபார்த்தல். ‘இந்த டிக்கெட் வாங்கியவர்தான் வந்திருக்கிறாரா?’ என்று ஒரு முகத்தை ஒரே ஒரு பதிவோடு ஒப்பிடுவது. விமான நிலையத்தில் டிஜி யாத்ரா 2022 டிசம்பரில் வந்தது. திருமலையில் 2023 மார்ச்சில் அறை ஒதுக்கீட்டுக்கும் லட்டு டோக்கனுக்கும் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே ஆள் இரண்டு முறை வராமல் தடுப்பதுதான் அங்கே நோக்கம்.

நாலு, அடையாளம் காணுதல். வாசலில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஒரு பட்டியல் முழுவதோடும் ஒப்பிட்டு, ‘இவர் இன்னார்’ என்று சொல்வது. பட்டியலில் இல்லாதவரின் முகத்தையும் அளந்து பார்த்தால்தான் அவர் இல்லை என்றே சொல்ல முடியும். அதாவது ஒருவரைத் தேட, வந்த எல்லோரையும் சோதனை போட்டாக வேண்டும்.

இந்த நாலாவது வேலைக்கு மென்பொருள் உங்கள் முகத்தை ஒரு எண் வரிசையாக மாற்றுகிறது. பரவலாகப் புழங்குகிற பல நிரல்களில் அது 512 எண்கள். ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால், ஒரு முகத்துக்கு 2 கிலோபைட். 20,000 பேர் வந்த கச்சேரியின் மொத்த முகக் கணக்கும் ஏறக்குறைய 40 எம்.பி. அன்றைக்கு மேடையில் பாடிய எட்டு பாட்டை எம்பி3-யாக வைத்தால் ஆகிற இடம். பழைய பென்டிரைவில் அடங்கிவிடும். ‘இவ்வளவு பேர் முகத்தை எங்கே சேமிக்கப் போகிறார்கள்?’ என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கணக்கு. இடம் பிரச்சினையே இல்லை. ஆகவே அழிக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் வராது.

கச்சேரியில் பிடிபட்ட கதை

முகம் அறிதலை ஆதரிப்பவர்கள் தவறாமல் சொல்கிற ஒரு கதை உண்டு. 2018 ஏப்ரலில் சீனாவின் நான்சாங் நகரத்தில் ஹாங்காங் பாடகர் ஜாக்கி சுங் கச்சேரி. 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள். பொருளாதாரக் குற்றம் ஒன்றில் தேடப்பட்ட 31 வயது ஆள், இவ்வளவு கூட்டத்தில் நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வந்து உட்கார்ந்தார். நுழைவாயில் கேமரா அவரை அடையாளம் காட்டியது. இருக்கையிலிருந்தே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அதற்கப்புறம் அதே பாடகரின் வேறு சில கச்சேரிகளிலும் சிலர் பிடிபட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் ஒரு பாதிக் கணக்குதான் இருக்கிறது. எத்தனை பேரைச் சரியாகப் பிடித்தார்கள் என்று தெரிகிறது. அந்த ஆட்களைப் பிடிப்பதற்கு எத்தனை பேரைத் தப்பாக நிறுத்தினார்கள் என்ற மற்ற பாதி செய்தியில் வரவில்லை. பரிசு விழுந்த சீட்டை மட்டும் காட்டி லாட்டரி நல்ல தொழில் என்று சொல்கிற மாதிரிதான்.

மற்ற பாதியையும் வெளியே சொன்ன ஒரு இடம் இருக்கிறது. 2017 ஜூனில் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டி. சவுத் வேல்ஸ் போலீஸ் முகம் அறிதல் கேமராக்களை வைத்தது. இயந்திரம் ‘இவர் பட்டியலில் இருக்கிறார்’ என்று 2,470 முறை சொன்னது. அதில் 2,297 தப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

போலீஸ் பட்டியலுக்குத் தந்த படங்கள் தரமில்லாதவை என்று காரணம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படம் நன்றாக இருந்தாலும் விடாத ஒரு கணக்கு இதற்குள் இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு, ஒரு கச்சேரிக்கு 20,000 பேர் வருகிறார்கள், தேடப்படுகிறவர்கள் அதில் 2 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தப்பாகக் காட்டுகிற, நல்ல இயந்திரம். அந்த 2 பேரையும் அது பிடித்துவிட்டாலும், கூடவே 20 அப்பாவிகளையும் காட்டும். 22 எச்சரிக்கையில் 20 தப்பு. ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரத்தில் போட்டாலும் பொய் இல்லை. வாசலில் நிற்கிற காவலருக்கோ பத்தில் ஒன்பது தப்பு. தேடுகிற பொருள் அரிதாக இருந்தால் எந்தச் சோதனையிலும் இப்படித்தான் ஆகும். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்.

தப்பாகக் காட்டப்பட்ட அந்த 20 பேரில் ஒருவராக உங்களை வைத்துப் பாருங்கள். டிக்கெட் வாங்கி, வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வாசலில் ஒதுக்கி நிறுத்துகிறார்கள். ‘கம்ப்யூட்டர் சொல்லுது சார்’ என்கிறார் காவலர். நீங்கள் அவர் இல்லை என்று நிரூபிக்கிற வேலை இப்போது உங்களுடையது.

கார்டிஃப் கதை கோர்ட்டுக்கும் போனது. 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சவுத் வேல்ஸ் போலீஸ் செய்தது சட்டப்படி சரியில்லை என்றது. யாரைப் பட்டியலில் சேர்க்கலாம், எங்கே கேமரா வைக்கலாம் என்பதைக் காவலர்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறீர்கள் என்பது முக்கியமான காரணம். இயந்திரம் இனம், பாலினம் பார்த்துத் தப்பு செய்கிறதா என்று சோதிக்கவும் இல்லை என்றது. அதோடு அங்கே நின்றுவிடவில்லை. 2023 மே மாதம் பியான்சே கச்சேரிக்கு அதே கார்டிஃபில் மறுபடி கேமரா வந்தது.

சரியாக வேலை செய்தால்?

இந்த இடத்தில் ஆதரவாளர்கள் பக்கம் இருக்கிற ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். 2017 இயந்திரம் வேறு, இன்றைய இயந்திரம் வேறு. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் தொடர்ந்து நடத்துகிற சோதனைகளில் பிழை விகிதம் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ‘தப்பாகக் காட்டுகிறது’ என்பது மட்டுமே என் வாதமாக இருந்தால், இன்னும் சில வருஷத்தில் என் வாதம் செத்துப்போகும்.

அதனால் இயந்திரம் கச்சிதமாக வேலை செய்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் பல அரங்குகளை நடத்துகிறது. அதில் ஒன்று ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். 2022 நவம்பர் இறுதியில், மகளையும் மகளோடு சாரணர் குழுவில் இருக்கிற பிள்ளைகளையும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்த ஒரு அம்மாவைக் காவலர்கள் வாசலில் மறித்தார்கள். முகம் அறிதல் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது. அவர் செய்த குற்றம்? அவர் ஒரு வழக்கறிஞர். அவர் வேலை செய்கிற அலுவலகம், அரங்கை நடத்துகிற நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு உணவகத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. நிறுவனமோ, எங்கள் மேல் வழக்கு நடத்துகிற அலுவலகங்களின் எல்லா வழக்கறிஞர்களுக்கும் அனுமதி இல்லை என்று விதி வைத்திருந்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள், அம்மா வெளியே நின்றார்.

இதில் இயந்திரத்தின் பிழை ஒன்றுமே இல்லை. சரியான ஆளைத்தான் காட்டியது. வாசலில் ‘இங்கே முகம் பதிவாகும்’ என்ற அறிவிப்புப் பலகையும் இருந்தது. நியூயார்க் நகரச் சட்டம் 2021-லிருந்தே அப்படிப் பலகை வைக்கச் சொல்கிறது. துல்லியம் இருந்தது, பலகை இருந்தது, சட்டமும் இருந்தது. அப்படியும் இது நடந்தது.

என் குறிப்புகளில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிற சம்பவம் இதுதான். முகம் அறிதலின் அபாயம் கேமராவில் இருப்பதைவிடப் பட்டியலில்தான் அதிகம் இருக்கிறது. பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு யாரெல்லாம் வேண்டாதவரோ, அவர்களெல்லாம் அதில் ஏறலாம். இதற்கு நாலு வருஷம் முன்னால், 2018 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரியில் ஒத்திகைக் காட்சிகள் ஓடுகிற ஒரு திரையை வைத்து, பார்க்க நின்ற ரசிகர்களின் முகத்தைப் படம் பிடித்து, அந்தப் பாடகியைத் துரத்தித் தொல்லை கொடுக்கிறவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டார்கள் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த டிசம்பரில் எழுதியது. அந்த மிரட்டல் நிஜமானது, அவர் பயமும் நியாயமானது. ஆனால் தொல்லை கொடுப்பவர் பட்டியலுக்காக வாங்கிய அதே ரகக் கருவியில் வழக்கறிஞர் பட்டியலையும் ஏற்றலாம். நாளைக்கு நிருபர் பட்டியல், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டவர் பட்டியல், யூனியன் தலைவர் பட்டியல். நிரலில் ஒரு வரியும் மாற வேண்டாம்.

நம் பக்கத்தில் உயிர் போனது எதனால்?

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். பாதுகாப்பு என்று சொல்லித்தானே கேமரா வருகிறது? சமீபத்தில் கூட்டங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

2023 செப்டம்பர் 10, சென்னை பனையூர். ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி. டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை முடங்கியது. நெரிசலில் பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகப் புகார் சொன்னார்கள். குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். கடைசியில் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தது.

அதே வருஷம் நவம்பர் 25, கொச்சி குசாட் பல்கலைக்கழகம். திறந்தவெளி அரங்கில் நிகிதா காந்தி பாடவிருந்த மாணவர் விழா. திடீர் மழை. வெளியே நின்றவர்கள் ஒதுங்க உள்ளே ஓட, படிக்கட்டில் விழுந்து மிதிபட்டு 4 பேர் இறந்தார்கள்.

2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதான வாசல். ஆர்சிபி வெற்றிக் கொண்டாட்டத்தில் 11 பேர் பலி. 2025 செப்டம்பர் 27, கரூர் வேலுசாமிபுரம். விஜய் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர் பலி. கடைசி இரண்டும் கச்சேரி இல்லை. ஆனால் பிடித்த முகத்தைப் பார்க்க ஜனம் திரண்டது என்ற அளவில் ஒரே ஜாதிக் கூட்டம்தான்.

இந்த நாலு இடத்திலும் யாருடைய பெயர் தெரிந்திருந்தால் ஒரு உயிராவது பிழைத்திருக்கும்? ஒருவர் பெயரும் இல்லை. வேண்டியிருந்தது எண்ணிக்கை. இந்த இடத்துக்கு எத்தனை பேர் தாங்கும், இப்போது எத்தனை பேர், எந்த வாசல் அடைத்திருக்கிறது என்ற மூன்று கேள்விக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் பதில். சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் ஆபத்து என்று கூட்டப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்வார்கள். 7-ஐத் தொட்டால் தனி மனுஷன் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலைபாயும், அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் கால் போகும். இதை அளக்க மேலிருந்து பார்க்கிற கேமராவும், நான் மேலே சொன்ன இரண்டாவது வேலையும் போதும். முகத்தைப் பதிய வேண்டாம்.

‘சரி, குண்டு வைக்கிறவன் வந்தால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017 மே 22-ல் மான்செஸ்டர் அரங்கில் அரியானா கிராண்டே கச்சேரி முடிகிற நேரம் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அந்த ஆள் ஒரு காலத்தில் உளவுத்துறையான எம்.ஐ.5-ன் பார்வையில் இருந்தவர்தான். ஆனால் அந்தக் கோப்பை வருஷங்களுக்கு முன்பே மூடிவிட்டார்கள். ஆகவே கேமரா இருந்திருந்தாலும் பட்டியலில் அவர் இருந்திருப்பார் என்று சொல்ல முடியாது. அதேசமயம், பெரிய பையோடு நின்ற அவரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அங்கே பணியில் இருந்தவர்களிடம் ஒரு ரசிகரின் பெற்றோர் சொல்லியிருக்கிறார். அந்தத் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பல வாய்ப்புகள் கைநழுவின என்று 2021-ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. கண்ணால் கண்ட எச்சரிக்கையே வீணானது. அங்கே குறைந்தது பயிற்சி பெற்ற ஆட்களும் ஒழுங்கான தகவல் தொடர்பும்தான்.

பட்டியலும் பாஸ்வேர்டும்

தமிழ்நாட்டில் இது புதிது இல்லை. 2017-லேயே சென்னை தி. நகர் தீபாவளிக் கூட்டத்தில் போலீஸ் ஃபேஸ்டேகர் என்ற செயலியைப் பயன்படுத்தியது. 2021-ல் மாநிலம் முழுவதற்குமாக ஒரு முகம் அறிதல் அமைப்பு வந்தது. மென்பொருள் கொல்கத்தா சி-டாக் செய்தது. காவல் நிலையங்கள் பதிந்து வைத்திருக்கிற படங்களோடு ஒப்பிடுவதுதான் அதன் வேலை. அந்தத் தொகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் தண்டனை பெற்றவர்கள் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர்களும் உண்டு.

2024 மே மாதம் அந்த வலைவாசலுக்குள் வேற்றாள் புகுந்தார். ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் திருடு போனதாகத் தமிழகக் காவல் துறையே சொன்னது. முகப்புப் பகுதியில் உள்ள குறைந்த அளவு விவரங்கள்தான் பார்க்கப்பட்டன என்றும் சொன்னது. அப்படியே இருக்கட்டும். 40,000-க்கும் மேற்பட்ட பயனர்கள் உள்ள அமைப்பு அது. ஒரே ஒரு பாஸ்வேர்டில் கதவு திறந்தது என்பதை மட்டும் மனசில் வையுங்கள். பாஸ்வேர்ட் திருடு போனால் அரை நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். முகக் கணக்கு திருடு போனால்? அம்மையார் வேண்டிக்கொண்டு தன் உருவத்தையே உதறிப் பேயுரு பெற்றார். நம்மால் அது ஆகாது. இருக்கிற முகத்தோடுதான் காலம் முழுக்க நடமாட வேண்டும்.

டெல்லி போலீஸ் ஒரு தகவல் உரிமை மனுவுக்கு 2022-ல் தந்த பதிலில், 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. இதில் ஒரு தொழில்நுட்பத் தப்பர்த்தம் ஒளிந்திருக்கிறது. இயந்திரம் தருகிற 80 என்பது இரண்டு எண் வரிசைகளுக்கு உள்ள நெருக்கம். ‘இவர் அவராக இருக்க 80 சதவீத வாய்ப்பு’ என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அண்ணன் தம்பி இருவருக்கும் எண் உயர்வாக வரலாம். இதை நான் என் சொந்தக்காரர்கள் படத்திலேயே பார்த்திருக்கிறேன்.

காரைக்காலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். இங்கே பாதுகாப்புக்கு நிற்பது புதுச்சேரி போலீஸ். கூட்டத்தில் பாதி நாகூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் ஜனம். இங்கே பதிகிற முகத்தை எந்த மாநிலத்துப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள்? தப்பாக வந்தால் திருத்தச் சொல்லிப் போக வேண்டிய ஆபீஸ் நாகையிலா, 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியிலா? ரேஷன் கார்டு முகவரி மாற்றவே அலைகிறோம், முகத்துக்கு எத்தனை நாள் அலைவது?

‘சின்ன ஊர்தானே, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே, இதில் என்ன ரகசியம்?’ என்று இங்கே சொல்வார்கள். பார்ப்பதும் பதிவதும் ஒன்றா? பக்கத்து வீட்டு அக்கா உங்களைக் கச்சேரியில் பார்த்தால், அடுத்த வாரம் மறந்துவிடுவார், இல்லையென்றால் மறந்த மாதிரி இருந்துவிடுவார். சின்ன ஊரில் மனுஷர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற தயவு அது. வீட்டில் சொல்லாமல் தோழிகளோடு வந்த பெண், வேறு மதத்து விழாவுக்கு ஆசையாக வந்த பையன், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர், எல்லோரும் அந்தத் தயவில்தான் கூட்டத்தில் நிம்மதியாக நிற்கிறார்கள். கணினிக்கு மறதி கிடையாது.

போட்டோ வேணுமா அண்ணே?

போலீஸை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. நாமே விரும்பிக் கொடுக்கிற முகங்கள் அதைவிட அதிகம். இப்போது கல்யாணம், கல்லூரி விழா, இன்னிசை நிகழ்ச்சி எதற்குப் போனாலும் வாசலில் ஒரு க்யூஆர் பலகை. ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி கொடுத்தால், அன்று எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் நீங்கள் இருக்கிற படங்கள் மட்டும் போனுக்கு வரும். வசதிதான், மறுக்கவில்லை.

ஒரு இன்னிசை நிகழ்ச்சியில் ஒரு தம்பி பலகையைக் காட்டி, “போட்டோ வேணும்னா ஸ்கேன் பண்ணுங்க அண்ணே” என்றார். “நம்ம மூஞ்சிய எப்ப அழிப்பீங்க தம்பி?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் அண்ணே” என்றார். எனக்குத் தொழில்புத்தி விடவில்லை. கூட வந்த நண்பரிடம் கேட்டுக்கொண்டு, என் செல்ஃபிக்குப் பதிலாக அவருடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் இருந்த படங்கள் என் போனில் வரிசையாக வந்தன. அவர் மனைவி, மகள், பின்வரிசையில் யாரோ, எல்லோரும் அதில் இருந்தார்கள்.

என்ன நடந்தது என்று யோசியுங்கள். யாருடைய படம் கையில் இருந்தாலும், அவர் அன்று யாரோடு வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று தேடிப் பார்த்துவிடலாம். சீனாவில் போலீஸ் செய்த வேலையை இங்கே ஒரு பொறாமை பிடித்த முன்னாள் காதலன் இலவசமாகச் செய்யலாம். நேரில் எடுத்த செல்ஃபிதானா, கேலரியிலிருந்து எடுத்ததா என்று பார்க்கிற ஒரு சின்னச் சோதனையை வைத்திருந்தால் பாதி ஆபத்து குறைந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். தனியார் நிறுவனம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு அறிவிக்கை மூலம் விலக்கு தரலாம் என்ற வாசலையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. 2011-ன் பழைய விதிகள் உடல்சார் தரவை அதிக எச்சரிக்கை தேவைப்படுகிற தனி வகையாக வைத்திருந்தன. புதுச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. போன் நம்பரும் முகமும் ஒரே தட்டில்.

என்ன கேட்கலாம்?

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரூருக்கும் குசாட்டுக்கும் பிறகு அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. எண்ணுகிற கேமரா நிச்சயம் வேண்டும். அனுமதி கேட்டு வருகிற அமைப்பாளரிடம் மாவட்ட நிர்வாகமும், டிக்கெட் வாங்குகிற நாமும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

இந்தக் கேமரா எண்ணுமா, ஆளை அடையாளம் காணுமா? எண்ணுவது மட்டும் என்றால், முகத்தை எண் வரிசையாக மாற்றும் பகுதி இதில் இல்லை என்று எழுதித் தருவீர்களா? அடையாளம் காணும் என்றால், பட்டியலை யார் போட்டது, எத்தனை பேர், பெயரை நீக்கச் சொல்ல எங்கே போவது? எத்தனை மணி நேரத்தில் அழிப்பீர்கள், அதை யார் சரிபார்ப்பார்கள்? நிகழ்ச்சி முடிந்தபின் எத்தனை எச்சரிக்கை வந்தது, எத்தனை தப்பு என்று கார்டிஃப் மாதிரி வெளியிடுவீர்களா? முகம் கொடுக்க மாட்டேன் என்கிறவருக்குத் தனி வரிசை உண்டா?

டிக்கெட் வாங்குகிற நம்மைவிடப் பலமாக இதைக் கேட்கக்கூடியவர்கள் மேடையில் நிற்கிறவர்கள். 2019-ல் அமெரிக்காவில் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோ உள்ளிட்ட இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் சேர்ந்து குரல் கொடுத்தபோது, 40-க்கும் மேற்பட்ட இசை விழாக்கள் முகம் அறிதலைப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லின. வழக்கு இல்லை, சட்டம் இல்லை, ‘என் ரசிகனை அப்படிப் பார்க்காதே’ என்று சொன்னதில் நடந்தது. ஒலிபெருக்கி எத்தனை வாட்ஸ், தங்குகிற ஓட்டல் எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிற நம் ஊர் இசையமைப்பாளர்களுக்கு, இன்னும் ஒரு வரி சேர்ப்பது பெரிய விஷயம் இல்லை.

அடுத்த கார்னிவலுக்கோ மாங்கனிக்கோ ‘ஏஐ கேமரா’ என்ற அறிவிப்பு கண்ணில் பட்டால், மேலே இருக்கிற கேள்விகளில் முதல் கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இந்தக் குறிப்பிலேயே சேர்த்துவிடுகிறேன்.